மருத்துவம் படிக்காத ஒருவர் கிளினிக்கல் நியூரோசயின்ஸில் (நோயாளிகளோடு செய்யும் மூளை, நரம்பு ஆராய்ச்சியில்) பி.எச்டி. செய்யலாமா? அனுபவம் எப்படி இருக்கும்?

செய்யலாம், நான் செய்திருக்கிறேன். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு 2017இல் பெங்களூரில் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைந்தேன். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து, அவர்களுடைய கவனமும் நினைவும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது என் தலைப்பு. பட்டம் கைக்கு வந்தபோது 2023. நடுவில் கொரோனா வந்து ஏறக்குறைய இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டது. எழுபது வயதுக்காரரை ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கூப்பிடவா முடியும்?

தகுதி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். "கிளினிக்கல் நியூரோசயின்ஸ்" என்ற பெயரிலேயே நடக்கும் சில படிப்புகள் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். நரம்பியல், நரம்பு வேதியியல், நரம்பு உடலியங்கியல், உளவியல் என்று துறைவாரியாக நடக்கும் பி.எச்டி.களில் எம்.எஸ்சி. ஆட்களை எடுக்கிறார்கள். வேலை என்னவோ அதே நோயாளிகளோடுதான். பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றின் அறிவிப்புகளில் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். சி.எஸ்.ஐ.ஆர்., யு.ஜி.சி., ஐ.சி.எம்.ஆர்., டி.பி.டி. என்று ஏதாவது ஓர் அமைப்பின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கையில் இருந்தால் பேச்சே வேறு. நான் சேர்ந்தபோது மாதம் 25,000. 2019இல் 31,000 ஆனது. 2023இலிருந்து 37,000, மூன்றாம் வருஷத்திலிருந்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது 3 வருஷம், பொதுவாக அதிகபட்சம் 6. மூன்றில் முடிப்பேன் என்று வீட்டில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, முடித்தபின் பெயருக்கு முன்னால் "டாக்டர்" வரும், ஆனால் மருந்து எழுத முடியாது. இதை என் பெரியம்மாவுக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை. முட்டிவலிக்கு என்னிடம்தான் மாத்திரை கேட்கிறார்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன். எலியையோ செல்லையோ வைத்து ஆராய்ச்சி செய்யும் நண்பர்கள் சோதனைக்கூடத்தின் நேரத்தில் வாழ்கிறார்கள். இந்தத் துறையில் நீங்கள் நோயாளியின் நேரத்தில் வாழவேண்டும். அவருடைய பஸ், அவருடைய மாத்திரை, அவருடைய மகனுக்கு லீவு கிடைக்கும் நாள், எல்லாம் சேர்ந்துதான் உங்கள் ஆய்வேட்டின் அட்டவணை.

என் ஆய்வில் நோயாளிகள் காலை ஏழரை மணிக்கு வரவேண்டும், அதுவும் மாத்திரை போடாமல். பார்க்கின்சனில் டோபமின் சுரக்கும் செல்கள் நடுமூளையில் குறைந்துகொண்டே போகும். அதை ஈடுகட்டத்தான் லெவோடோபா. நோயாளிகள் வாயில் அதன் பெயர் "சின்டோபா". மருந்தின் வேலை இல்லாத நிலையில் மூளை எப்படி இருக்கிறது என்று பார்க்க, முந்தின இரவிலிருந்து குறைந்தது 12 மணிநேரம் நிறுத்தவேண்டும். "ஆஃப்" நிலை என்போம். கட்டுரையில் ஒரே வரியில் எழுதிவிடலாம். நேரில் பார்த்தால், கிருஷ்ணகிரியிலிருந்து முந்தின நாளே வந்து தங்கிய ஒரு பெரியவர், நாற்காலியிலிருந்து எழ மூன்று முறை முயன்று முடியாமல், நான்காவது முறை மகன் கையைப் பிடித்து எழுகிறார். சட்டை பித்தானை மகன்தான் போட்டுவிட்டிருக்கிறான், அதுவும் ஒரு ஓட்டை தள்ளி. பதிவு முடிந்ததும் மாத்திரையைக் கொடுத்து, இட்லி வாங்கி வைத்துக் காத்திருந்தோம். முக்கால் மணிநேரம் கழித்து நான் திரும்பி வந்தபோது அவரே அந்தப் பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு "ஆன்" நிலையில் அதே சோதனைகள், முதலிலிருந்து.

இந்த மாதிரி ஒருவரை உங்களுக்காகப் பன்னிரண்டு மணிநேரம் விறைத்துப்போக வைக்கிறீர்கள். அதனால் அவருக்கு நேரடியாக எந்த லாபமும் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஏன் அத்தனை கேள்வி கேட்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் விண்ணப்பம் ஏழு மாதம் அங்கே கிடந்தது, இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை காரணம், ஒப்புதல் படிவத்தின் தமிழ். ஆங்கிலப் படிவத்தை யாரோ அகராதியை வைத்துப் பெயர்த்திருந்தார்கள். "மின்முனைகள் தங்கள் உச்சந்தலையில் பொருத்தப்படும்" என்று இருந்தது. அதைப் படித்துக்காட்டியபோது ஓர் அம்மா கையை உதறிவிட்டு, "ஏன் கண்ணு, கரண்ட் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நரம்பு வைத்தியமும் மனநல வைத்தியமும் ஒரே வளாகத்தில் நடக்கும் ஊரில், மின் அதிர்ச்சி சிகிச்சையோ என்ற அந்தப் பயம் நியாயமானதுதான். நாம் கரண்ட் எதையும் உள்ளே அனுப்புவதில்லை, உங்கள் மூளையிலிருந்து வருவதைக் கேட்கிறோம், அவ்வளவுதான் என்று கடைசியில் படிவத்திலேயே எழுதிவைத்தோம். கைரேகை வைப்பவர் என்றால் படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் வேண்டும். காலை ஏழரைக்கு அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது தனிக் கலை. பெரும்பாலும் பக்கத்து வரிசையில் காத்திருக்கும் வேறொரு நோயாளியின் மருமகனோ மகளோ அகப்படுவார்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள் நிறைய உண்டு. இஇஜி, அதாவது மூளை அலைப் பதிவு, எடுக்கத் தலையில் எண்ணெய் இருக்கக்கூடாது. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றால்தான் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார்கள். போனில் மூன்று முறை சொல்லியும் வருவார்கள். ஷாம்பு, துண்டு, ஹேர் டிரையர் மூன்றும் என் ஆய்வுக்கருவிகள் பட்டியலில் இருந்தன. எம்ஆர்ஐ எடுக்கும்போது தாலி, மெட்டி, மூக்குத்தி. காந்தம் தங்கத்தை இழுக்காது என்றாலும் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதுதான் வழக்கம். கணவர் வெளியே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தாலியைக் கழற்று என்று எப்படிச் சொல்வது? ஒரு பையில் மஞ்சள் கயிறு வாங்கி வைத்துக்கொண்டோம், கட்டிக்கொண்டு போய் வரட்டும் என்று. இந்த யோசனையைச் சொன்னவர் எங்கள் ஸ்கேன் டெக்னீஷியன். என் ஆய்வேட்டில் நன்றி சொல்லவேண்டியவர்களில் அவருக்கு முதலிடம்.

சோதனைகளின் மொழியும் அப்படித்தான். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர் சொல்கிறார் என்று எண்ணுவது உலகம் முழுக்கச் செய்யும் சோதனை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்த்த ஒரு தாத்தா, "வெள்ளாடு, செம்மறி, குறும்பாடு, கிடா, பெட்டை, குட்டி" என்று ஆட்டிலேயே நிற்கிறார். இது ஆறா, மூன்றா, ஒன்றா? நகரத்துக்காரர் ஒருவர் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று மிருகக்காட்சிசாலையைச் சுற்றிவிட்டு மதிப்பெண் வாங்கிப் போவார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் சொற்களைச் சொல்லச்சொல்வார்கள். தமிழில் 'க' என்றால் 'கி', 'கு' சேர்த்தியா என்று நோயாளியே என்னைக் கேட்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மேல்நாட்டு நினைவுச் சோதனை சரிவராது என்பதால்தான் 1990களிலேயே ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக இந்தியில் தனியாக ஒன்றைத் தயாரித்தார்கள். இந்தத் துறையில் உங்கள் தாய்மொழி ஒரு கருவி. அதை யாரும் நேர்முகத் தேர்வில் கேட்பதில்லை என்பது என் வருத்தம்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். இரண்டாம் வருஷம் சோதனை ஓடும் கணினியை மாற்றினார்கள். திரையில் படம் தோன்றும் நொடியைப் பதிவுக் கருவிக்குச் சொல்லும் குறி, புதிய கணினியில் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறுவேறு அளவில். மில்லி வினாடிகளை எண்ணும் ஆய்வில் அது போதும். ஒன்பது பேரின் பதிவை எடுத்து முடித்தபிறகுதான் கண்டுபிடித்தேன். ஒன்பதும் குப்பைக்கு. மாத்திரை போடாமல் வந்து விறைத்து உட்கார்ந்திருந்த ஒன்பது பேர். முதல் பதிவை அன்றிரவே திறந்து, கடைசி வரைபடம் வரைக்கும் போட்டுப் பார்த்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். "எல்லாம் சேர்ந்தபின் பகுப்பாய்வு" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, முதல் ஆளிலேயே பகுத்துவிடுங்கள்.

பகுப்பாய்வில் இன்னொரு வேடிக்கை. பார்க்கின்சன் நடுக்கம் வினாடிக்கு 4 முதல் 6 முறை. மூளை அலைகளில் தீட்டா என்று நாங்கள் தேடுவதும் 4 முதல் 8 வரை. கை ஆடுவதால் வயர் ஆடி வருவது எது, மூளையிலிருந்து வருவது எது என்று பிரிக்கவே எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம். பைத்தானும் புள்ளியியலும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். உயிரியல் படித்தவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

மூளை பிடிக்கும், ஆனால் மனிதர்களோடு உட்கார்ந்து பேசப் பொறுமை இல்லை என்றால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் கருவிலிருக்கும் சிசுவின் மூளையின் 5,132 வெட்டுப்படங்களை வெளியிட்டது. அப்படிப்பட்ட இடங்களில் நிம்மதியாக மூளையை மட்டும் பார்க்கலாம்.

வேலை வாய்ப்பு பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. ஆசிரியர் பணியிடம் குறைவு, போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) போகாமல் கிடைப்பது கடினம். என்னோடு முடித்தவர்களில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் மருத்துவக் கருவி நிறுவனத்தில், நான் இன்னும் ஆஸ்பத்திரியில்.

சேருவதாக முடிவெடுத்தால், தலைப்பைவிடக் கைடைப் பாருங்கள். அவரோ இணைக் கைடோ வாரத்தில் எத்தனை நாள் ஓ.பி. பார்க்கிறார், உங்களுக்கு வேண்டிய நோயாளிகள் மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையில் பாதிக்கும் பாதிதான் ஆய்வுக்குத் தேறும். நான் அறுபது பேர் என்று எழுதிக்கொடுத்தேன், கிடைத்தது நாற்பத்தொன்று. ஒரு நாள் முழுக்க அந்த ஓ.பி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் அங்கே படிக்கும் மாணவர்களில் மூன்றாம் வருஷத்தில் இருப்பவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக்கொடுங்கள். உதவித்தொகை எந்த மாதம் வருகிறது என்ற கேள்வியை அவரிடம் கேளுங்கள், கைடிடம் கேட்காதீர்கள்.