பன்னிரண்டாயிரத்துக்காக வேலைக்குப் போகணுமா?

கேள்வி: கணவர் மரக்கறி லொறி ஓட்டித் தொழில் செய்தார். தவணை கட்ட முடியாமல் லீசிங் கம்பனி லொறியைக் கொண்டுபோய்விட்டது. நகை அடகில், குழுக்கடன் வேறு. மொத்தத்தில் வங்குரோத்து. முன்பு நான் கணக்கு எழுதிய ஹட்டன் கடையில் மறுபடி கூப்பிடுகிறார்கள், சம்பளம் 38,000. மூன்று வயது மகளை டே கெயாரில் விட 18,000, பஸ்ஸுக்கு 5,000, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டினால் 12,000கூட மிஞ்சாது. இதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகணுமா? கணவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார்.
- ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: முதலில் எழுத வேண்டிய வரியைக் கடைசியில் போட்டிருக்கிறீர்களே தங்கச்சி! வீட்டில் ஒரு அப்பா இருக்கும்போது அந்த 18,000 எதற்கு? ஆம்பிளைக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்பீர்கள். நடு இரவில் லொறியைக் கிளப்பி, வளைவும் பனியுமாகக் கிடக்கிற ரோட்டில் தம்புள்ளைக்குப் போய் வந்த மனுஷனுக்கு மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, மூக்கைத் துடைத்து, மத்தியானம் தூங்க வைக்கத் தெரியாதா? தொழில் விழுந்ததில் அவர் மனசு உடைந்திருக்கும், அது நியாயம்தான். ஆனால் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மகளோடு இருப்பது அவருக்கும் நல்லது. அவருக்கு வேலை கிடைத்த பிறகு டே கெயாருக்கு அனுப்புங்கள், அப்போதும் அந்தக் காசை உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்காதீர்கள். பிள்ளை இரண்டு பேருக்கும்தானே?

பிள்ளையை விட்டுப் போகிற குற்ற உணர்ச்சியைப் பற்றி நான் பெரிதாகப் பேசப் போவதில்லை. நம்மில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளை மடுவமான பிள்ளைக்காம்பராவில் ஆயாவின் கையில் வளர்ந்தவர்கள். அம்மா கூடையைத் தலையில் மாட்டித் தேயிலை மலைக்கு ஏறுவார், இடையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி நிரைக்குப் போவார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட, வேலை நேரத்தில் தினம் இரண்டு இடைவேளை விடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது, கொழுந்து மும்முரத்தில் அது எத்தனை பேருக்கு முழுசாகக் கிடைத்தது என்பது வேறு கதை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். கணக்கு எழுதுகிறவர் இதில் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். உங்களிடம் வெட்டுவது 8 சதவீதம், அதாவது 3,040. அதற்கு மேல் முதலாளி ஈபிஎப்புக்கு 12 சதவீதமும் ஈடிஎப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தன் கையிலிருந்து போடவேண்டும். எல்லாம் சேர்த்து மாதம் 8,740 உங்கள் பெயரில் சேருகிறது. கல்யாணத்தைக் காட்டிப் பழைய ஈபிஎப்பை எடுத்துச் செலவழித்தவராக இருந்தால், இப்போது உங்கள் பெயரில் ஒரு சதமும் இருக்காது, அப்படியானால் இது இன்னும் முக்கியம். 18,000 மிச்சப்பட்டால் கைக்கு வருவதும் கிட்டத்தட்ட 30,000 ஆகிறது.

அந்தக் காசு எங்கே போகவேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வங்குரோத்து என்று நாமே சொல்லிக்கொள்வதால் கடன் அழியாது, உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் குழுக்கடனில் உங்களுக்குப் பிணை நின்ற பக்கத்து வீட்டு அக்காவைப் பிடிப்பார்கள். அதனால் முதலில் குழுக்கடன். அடுத்து அடகு: நகையை மீட்க அவசரப்படாமல் வட்டியைக் கட்டி ஏலத்துக்குப் போகாமல் சீட்டைப் புதுப்பியுங்கள். லீசிங் கம்பனியிடம் லொறி என்ன விலைக்குப் போனது, மிச்சம் ஏதும் உங்கள் தலையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். லொறி போனதோடு கடனும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு பிறகு வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்படவும் வேண்டாம். நாடே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்து பேசியது. கையில் சம்பளச் சீட்டு இருந்தால் உங்கள் பேச்சுக்கும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். அதே சீட்டைக் காட்டிப் புதுக்கடன் எடுத்துப் பழையதை அடைக்க மட்டும் போய்விடாதீர்கள்.

ஆகவே போங்கள். ஆனால் கடைக்காரர் "ஈபிஎப் எல்லாம் வேண்டாம், கையில் தருகிறேன்" என்று ஆரம்பித்து, உங்கள் வீட்டுக்காரரும் பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்றால் என் பதில் மாறும். ஈபிஎப் வெட்டாமல் மிஞ்சுகிற அந்த 15,000த்துக்காகத் தினம் ஹட்டன் பஸ்ஸில் நசுங்க வேண்டியதில்லை, தலவாக்கலையிலேயே ஏதாவது பாருங்கள்.