35,000 டாலரில் ஒரு வி8: மஸ்டாங்கா, சேலஞ்சரா, 1967-இன் பழைய வண்டியா?

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் நோவையில் இருக்கிறேன். வீட்டில் ஹோண்டா ஒடிசி மினிவேன் ஒன்று இருக்கிறது. இரண்டாவது வண்டியாக அமெரிக்க மசில் கார் (பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் போட்ட வேகமான வண்டி) வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பட்ஜெட் 35,000 டாலர். 2018-க்குப் பிந்தைய ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, டாட்ஜ் சேலஞ்சர், 1967 மஸ்டாங் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். பனிக்காலத்திலும் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும். வாங்கலாமா? எதை?

பதில்: தாராளமாக வாங்கலாம். யாரும் கைவைக்காத, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற 2018 அல்லது 2019 மஸ்டாங் ஜிடியைத் தேடுங்கள். பிள்ளைகள் அடிக்கடி பின்சீட்டில் வருவார்கள் என்றால் சேலஞ்சர். 1967 வண்டியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். "பனிக்காலத்திலும் தினமும்" என்று நீங்கள் எழுதிய அந்த வரிதான் காரணம்.

மசில் கார் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் குணம் புரியும். 1964-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு நடுத்தர அளவு டெம்பெஸ்ட் வண்டிக்குள் 389 கன அங்குல வி8 இன்ஜினை வைத்து ஜிடிஓ என்று விற்றது. அந்த அளவு வண்டியில் அவ்வளவு பெரிய இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குள் விதி இருந்தது. தனி மாடலாக அறிவிக்காமல், காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாகக் கொடுத்து விதியைத் தாண்டினார்கள். இன்ஜின் பெரிதானது, பிரேக் நாலு சக்கரத்திலும் டிரம்மாகவே இருந்தது. அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான்: ஓடுவதில் இருக்கிற வேகம் நிற்பதில் இருக்காது.

உங்கள் 1967-க்கு வருவோம். 35,000 டாலருக்குள் நீங்கள் பார்த்திருப்பது 289 கன அங்குல வி8 போட்ட சாதாரண கூப்பேயாக (இரண்டு கதவு வண்டியாக) இருக்கும். இரண்டு பேரல் (காற்று போகும் குழாய் இரண்டு கொண்ட) கார்புரேட்டரோடு அதற்கு அன்று சொன்ன கணக்கு 200 குதிரைத்திறன். 1972 வாக்கில் கணக்கிடும் முறையே மாறியது. அதற்கு முன்பு ஏர் கிளீனர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் மேடையில் ஓட்டி அளந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். உங்கள் ஒடிசி 2018-க்குப் பிந்தையது என்றால் அதில் 280 குதிரைத்திறன் இருக்கிறது. சிக்னலில் 67-ஐ முந்திவிடும். ஆகவே பழைய வண்டியை வேகத்துக்காக யாரும் வாங்க வேண்டியதில்லை. அந்த பானெட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற சுகம், சனிக்கிழமை கையில் ஸ்பேனரோடு கழிகிற பொழுது, இதற்காக வாங்கலாம். இரண்டும் உண்மையான சந்தோஷங்கள்தான். ஆனால் சாலையெல்லாம் உப்பு கொட்டிக் கிடக்கும் ஜனவரியில் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப அது உதவாது. பின்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். பிள்ளைகளை அதில் தினமும் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிற்காலத்தில் வாங்கினாலும் உதவும் என்பதால், 67 மஸ்டாங்கில் பார்க்க வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வண்டி எண்ணில் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். T என்றால் ஆறு சிலிண்டரோடு பிறந்த வண்டி, C என்றால் இரண்டு பேரல் 289, A என்றால் நான்கு பேரல். எண்ணில் T இருந்து உள்ளே வி8 இருந்தால், யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விலை குறைய வேண்டும். அப்புறம் சக்கரத்தைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு நட்டு, வி8-க்கு ஐந்து. நான்கு நட்டோடு வி8 இருந்தால், இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு சிறிய பிரேக்கை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது துரு. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் துளைகள் இருக்கும். ஒரு பாட்டில் தண்ணீரை அதில் மெல்ல ஊற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பெட்டில் தண்ணீர் சொட்டினால் உள்ளே தகடு அரித்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியாது; ஆனால் சரிசெய்ய ஸ்பாட் வெல்டை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிக்க வேண்டும், கூலி எகிறிவிடும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின்சக்கரத்துக்கு மேலேயும் பின்னாலேயும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கூரையில் வினைல் போர்த்திய வண்டி என்றால் பின்கண்ணாடி ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், வினைலுக்கு அடியில் ஈரம் தங்கித் துரு பிடித்திருக்கும்.

சரி, மஸ்டாங் ஜிடி. 2015-இல்தான் இந்த வண்டியின் எல்லா மாடலுக்கும் பின்சக்கரங்களில் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. 2018-இல் 5 லிட்டர் இன்ஜின் 460 குதிரைத்திறனுக்கு ஏறியது. முக்கியமான விஷயம் டயர். பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற கூடுதல் வசதித் தொகுப்பு போட்ட வண்டிகள் கோடைக்கால டயரோடு வந்தவை. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அந்த ரப்பர் கெட்டியாகிப் பிடிப்பை இழக்கும். மழையில்லாத, பனியில்லாத நவம்பர் காலையிலும் பின்பக்கம் வழுக்கும். மிச்சிகனில் தினமும் ஓட்டுவதென்றால் பனி டயர் ஒரு செட், அதற்கென்று தனி ரிம்மோடு, கட்டாயம் வேண்டும். அந்தப் பணத்தை 35,000-க்குள்ளேயே ஒதுக்கிவிட்டு வண்டி தேடுங்கள். பத்து கியர் ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும்போது இடிப்பதாகப் பலர் சொல்வதுண்டு. இன்ஜின் சூடான பிறகு நகரத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், குறிப்பாக மூன்றிலிருந்து நாலு, நாலிலிருந்து ஐந்து மாறும்போது. இடித்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள், சந்தையில் நிறைய இருக்கின்றன.

சேலஞ்சர் கனமான வண்டி, திருப்பத்தில் மஸ்டாங் அளவுக்கு வளைந்து கொடுக்காது. ஆனால் இந்த வகையில் மனிதர் உட்காரக்கூடிய பின்சீட் அதில்தான் இருக்கிறது. டிக்கியும் பெரிது, 16 கன அடி. இவற்றுக்குப் போட்டியான செவ்ரோலே கமாரோவில் 9 சொச்சம்தான். கமாரோவை நான் சொல்லாததற்கு அதுவும், பக்கவாட்டில் எதுவுமே தெரியாத ஜன்னலும்தான் காரணம். சேலஞ்சரின் வி8-ஆன ஹெமி இன்ஜினில் "டிக் டிக்" சத்தம் பிரசித்தம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சூடாகச் சூடாகச் சத்தம் மறைந்தால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருக்கும், அது சமாளிக்கக்கூடிய செலவு. சூடான பிறகும் சத்தம் நீடித்தால் இன்ஜினுக்குள் வால்வை இயக்கும் லிஃப்டர், கேம்ஷாஃப்ட் வரை சந்தேகப்பட வேண்டும். அந்த வண்டி வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கும் சேலஞ்சர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் ஆறு சிலிண்டர் வி6-க்கு மட்டும்தான். பனிக்காலமே முக்கியம் என்றால் அதையும் பார்க்கலாம். வி8 சத்தம் கிடைக்காது.

இன்சூரன்ஸை வண்டி பிடித்த பிறகு கேட்காதீர்கள். ஓட்டிப் பார்க்கப் போவதற்கு முன்பே வண்டி எண்ணைக் கொடுத்து விலை கேளுங்கள். மிச்சிகனில் பிரீமியம் எப்போதுமே அதிகம், டாட்ஜ் வி8 வண்டிகள் திருடுபோவதும் அதிகம். மாதச் செலவில் மஸ்டாங்குக்கும் சேலஞ்சருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். பெட்ரோல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நகரத்துக்குள் கேலனுக்கு 15 மைல் வாக்கில்.

"கைவைக்காத வண்டி" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மிச்சிகனில் புகைப் பரிசோதனையும் கிடையாது, ஆண்டுதோறும் பாதுகாப்புப் பரிசோதனையும் கிடையாது. இன்ஜின் மென்பொருளை மாற்றி, கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி முரட்டுத்தனமாக ஓட்டிய வண்டி எந்தத் தடையும் இல்லாமல் கைமாறும். விற்கும் முன் பழைய பாகத்தை மாட்டிவிடுவதும் உண்டு. பின் டயர் இரண்டும் புதிது, முன் டயர் இரண்டும் பழசு என்றால் சக்கரத்தைத் தேய்த்துப் புகை கிளப்பியிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ரீடரை மாட்டிப் பாருங்கள். வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் யாரோ கோளாறுக் குறியீடுகளை அழித்திருக்கலாம். கடைசியாக, விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம், நீங்களே பணம் கொடுத்து ஒருவரிடம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

தேடுவதற்கு அக்டோபர் கடைசியும் நவம்பரும் நல்ல சமயம். பனிக்காலம் முழுக்க கராஜில் இடம் அடைக்கும் என்று பலர் விற்க நினைப்பார்கள், சாலையில் இன்னும் உப்பு விழுந்திருக்காது, வண்டியை ஒழுங்காக ஓட்டியும் பார்க்கலாம். ஆகஸ்ட் வேண்டாம். மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் திரளும்போது எல்லோருக்கும் ஆசை வரும், விற்பவரும் இறங்கி வரமாட்டார்.