தள்ளுபடியில் வாங்கும் பிடிஎஃப் மேசைக்கு வருமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் நண்பன் வீட்டு மொட்டை மாடி அறையில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் மேசை ஆட்டத்தை விளையாடுகிறோம். ஆட்டத்தை நடத்துவது நான். இணையக் கடைகளில் தள்ளுபடி வரும்போதெல்லாம் பிடிஎஃப் சப்ளிமெண்டுகளை (ஆட்டத்துக்கான கூடுதல் புத்தகங்கள்) வாங்கிவிடுகிறேன். முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆட்டத்தில் பயன்பட்டது நான்கோ ஐந்தோதான். ஒன்று உபயோகப்படுமா என்று வாங்கும் முன்பே எப்படிக் கணிப்பது?
— கல்லூரி மாணவர், வேளச்சேரி

பதில்: அந்த நான்கைந்து எவை என்று முதலில் தனியே எடுத்து வையுங்கள். அநேகமாக அவை ஏதோ ஒரு வாரம் தேவைப்பட்டுத் தேடி வாங்கியவையாக இருக்கும். நண்பர்கள் அடுத்த வாரம் சதுப்பு நிலத்துக்குள் நுழையப் போகிறார்கள், அங்கே விடுவதற்கு ஒரு பிராணி வேண்டும். ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், மூன்று மணி நேரத்தில் முடிகிற குட்டி அட்வென்ச்சர் (நடத்துவதற்குத் தயாராக எழுதிய கதை) ஒன்று வேண்டும். இப்படித் தேவை முன்னால் வந்தால் பிடிஎஃப் மேசைக்கு வந்துவிடும். தள்ளுபடி முன்னால் வந்தால் ஃபோல்டரிலேயே தங்கிவிடும்.

அதனால் பணம் கட்டும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பேன்? தேதி சொல்ல முடியவில்லை என்றால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். தள்ளுபடி போய்விடுமே என்ற பதற்றம் வேண்டாம். இவற்றை விற்கும் இணையக் கடையான டிரைவ்த்ரூஆர்பிஜியில் மார்ச் மாதம் ஒன்று, ஜூலையில் இன்னொன்று என்று பெரிய தள்ளுபடிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிடிஎஃப் தீர்ந்துபோகிற சரக்கும் கிடையாது.

சரி, தேவை இருக்கிறது, மூன்று சப்ளிமெண்டுகள் கண்ணில் பட்டிருக்கின்றன. எதை எடுப்பது? முன்னோட்டப் பக்கங்களைத் திறந்து, அட்டையையும் முன்னுரையையும் தாண்டி நடுப்பகுதிக்குப் போங்கள். நடுப்பகுதியே காட்டவில்லை என்றால் நான் வாங்குவதில்லை. சரக்கைக் காட்டாமல் பையை மட்டும் காட்டுகிற கடை அது. அட்வென்ச்சராக இருந்தால் ஏதாவது ஓர் அறையை எடுத்து ஒரு நிமிடம் மட்டும் படியுங்கள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், நம் ஆட்கள் சண்டைக்குப் போகாமல் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? இந்த மூன்றும் ஒரு நிமிடத்தில் மனதில் நின்றால் எழுதியவர் ஆட்டம் நடத்தத் தெரிந்தவர். அரைப் பக்க வர்ணனையைப் படித்த பிறகும் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா, ஐந்து பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அது தெரியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த காலத்தைப் பின்னணியாக வைத்து, கடத்தல் சரக்கு வந்து இறங்கும் ஒரு துறைமுகக் கதையை நடத்த நினைத்தேன். கற்பனைத் துறைமுக நகரம் ஒன்றைப் பற்றி இருநூறு பக்கத்துக்கு மேல் ஒரு சப்ளிமெண்ட் கிடைத்தது. ஓவியங்கள் கண்ணைப் பறித்தன. ஆண்ட குடும்பங்களின் வம்சாவளி, திருவிழாக்கள், நாணயங்களின் பெயர், கோயில்களின் வரலாறு என்று ஒரு வாரம் ரசித்துப் படித்தேன். முதல் நாளே என் ஆட்டக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: சுங்க அதிகாரி யார், அவருக்கு எவ்வளவு கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார்? இருநூறு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் பன்னிரண்டே பக்கத்தில் வேறொன்று வாங்கினேன். முழுக்க அட்டவணைகள்தான். பகடையை உருட்டினால் கப்பலின் பெயர், அதிலுள்ள சரக்கு, சரக்குக்குள் ஒளித்திருப்பது, கப்பல் தலைவனுக்கு இருக்கும் கடன் எல்லாம் வந்துவிடும். ஆறு செஷன்களுக்கு அது மேசையை விட்டு இறங்கவில்லை. அன்றிலிருந்து எந்த சப்ளிமெண்டைப் பார்த்தாலும், ஆட்டக்காரர் கேட்கக்கூடிய கேள்விக்கு எத்தனை பக்கம் பதில் சொல்கிறது என்றுதான் எண்ணுகிறேன். சரித்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சரித்திரம் இன்றைக்கு யாரோ ஒருவரை எதையாவது செய்ய வைக்க வேண்டும்.

பிறகு பதிப்பு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. பழைய அட்வென்ச்சர்களைச் சிறு மாற்றத்தோடு இப்போதும் நடத்தலாம், அதில் பெரிய சிக்கல் இல்லை. ஆட்டக்காரருக்கான புதுத் தேர்வுகள் என்றால்தான் கவனம் வேண்டும். 2014 விதிகளில் சில வகுப்புகளுக்கு (பாத்திரத்தின் தொழில் வகை) உட்பிரிவு முதல் லெவலிலோ இரண்டாவதிலோ கிடைத்துவிடும். 2024 விதிகளில் எல்லா வகுப்புக்கும் மூன்றாவதில்தான். ‘ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது’ என்று மட்டும் போட்டிருந்தால் வெளியான ஆண்டைப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. சுமார் 400 பக்கம், இலவசம். அதிலுள்ள பிராணிகளையும் மந்திரங்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடித்து விற்கலாம், சட்டப்படி தவறில்லை. ஆனால் நீங்கள் ஏன் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? ‘300 பிராணிகள்’ என்று ஒரு தொகுப்பு வந்தால், இலவசத் தொகுப்பைப் பக்கத்தில் திறந்துவைத்து எத்தனை பெயர் புதிது என்று பாருங்கள். தெரிந்த பிராணிகளையே தேடி எடுக்க வசதியாக அட்டைகளாக அடுக்கிக் கொடுத்திருந்தால் அது வேறு. அந்த உழைப்புக்கு விலை உண்டு.

டிரைவ்த்ரூஆர்பிஜியில் பொருளின் பக்கத்தில் தெரியும் தாமிரம், வெள்ளி, தங்கம் போன்ற பதக்கங்கள் எத்தனை பிரதிகள் விற்றன என்பதை மட்டுமே சொல்பவை. தரத்துக்கு யாரும் கொடுத்த விருது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விமர்சனங்களில் ‘அழகாக இருக்கிறது, விளையாடக் காத்திருக்கிறேன்’ என்பவற்றைக் கடந்து போங்கள். ‘நான்கு பேரோடு நடத்தினேன், இரண்டாவது அறையில் தேங்கிவிட்டோம்’ என்று குறை சொல்கிற விமர்சனம் பத்து புகழுரைகளுக்குச் சமம்.

கடைசியாக ஒன்று. நம்மில் நிறையப் பேர் ஆட்டத்தின்போது போனில்தான் பிடிஎஃபைப் பார்க்கிறோம். இரண்டு பத்தி அமைப்பில், பின்னால் பழுப்புத் தாள் ஓவியம் போட்ட பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் இழுத்து இழுத்துப் படிப்பது பெரிய அவஸ்தை. புக்மார்க் இருக்கிறதா, எழுத்தைத் தேட முடிகிறதா, பின்னணி ஓவியம் இல்லாத தனிப் பிரதி சேர்த்துத் தருகிறார்களா என்பதையும் பாருங்கள். மொத்தத்தையும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கலர் பிரிண்ட் பக்கத்துக்கு 10 ரூபாய் என்றாலும் 96 பக்கத்துக்கு 960 ரூபாய். பிடிஎஃபின் விலையையே தாண்டிவிடும். அன்றைய செஷனுக்கு வேண்டிய ஆறு பக்கம் எடுத்தால் போதும்.

கேள்வி: கட்டம் போட்ட போர் வரைபடங்களையும் நிற்க வைக்கும் காகித மினியேச்சர்களையும் (பாத்திரங்களின் சிறு உருவங்கள்) வாங்கி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். ஒரு கட்டம் ஓர் அங்குலம் என்று போட்டிருந்தது. ஆனால் மினியேச்சர்களை நிறுத்தும் என் 25 மில்லிமீட்டர் அடித்தட்டுகள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
— அலுவலக ஊழியர், அண்ணா நகர்

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை, தாள் அளவுதான் காரணம். இந்தக் கோப்புகளில் பல, அமெரிக்காவின் லெட்டர் தாளுக்கு அமைத்தவை. அதன் அகலம் 216 மில்லிமீட்டர், நம் ஏ4 தாள் 210. ‘பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கு’ என்ற தேர்வு இருந்தால் படம் 97 சதவீதமாகிவிடும். 25.4 மில்லிமீட்டர் கட்டம் 24.7 ஆகும். அந்த அளவுக்குள் 25 மில்லிமீட்டர் தட்டு எப்படி அடங்கும்? பிரிண்டர் விடுகிற ஓரத்தையும் சேர்த்தால் இன்னும் சுருங்கும்.

கடைக்காரரிடம் ‘ஆக்சுவல் சைஸ், நூறு பர்சென்ட்’ என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்து, ஸ்கேல் வைத்துப் பத்துக் கட்டத்தை அளந்து பாருங்கள். 25.4 சென்டிமீட்டர் வந்தால் மிச்சத்தை எடுக்கலாம். வாங்கும்போதே ஏ4 பிரதி உண்டா என்று பார்ப்பது இன்னும் நல்லது. ஏ4 தாளில் ஓரம் விட்டு அகலத்தில் ஏழு, நீளத்தில் பத்துக் கட்டம் வசதியாக அமையும்.

காகித மினியேச்சருக்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் வளைந்துவிடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 200, 250 ஜிஎஸ்எம் மேட் அட்டை தேடி வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள், முன்பே கடையில் அந்த அட்டை மெஷினில் போகுமா என்று கேட்டுக்கொண்டு. இங்க்ஜெட் மை வியர்வைக் கையில் ஈஷும், லேசர் பிரிண்ட் ஈஷாது. ஆனால் மடிப்பில் அதன் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். எழுதாத பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடித்தால் பெரிதும் தவிர்க்கலாம்.

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன் மினியேச்சர் பொம்மைகளை 3டி பிரிண்ட் செய்வதற்கான ‘எஸ்டிஎல்’ கோப்புகளை வாங்கித் தரச் சொல்கிறான். எங்களிடம் 3டி பிரிண்டர் இல்லை. கோப்பை மட்டும் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா?
— குடும்பத் தலைவி, அம்பத்தூர்

பதில்: இருக்கிறது அம்மா, ஆனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் பிரிண்ட் செய்து தருகிற ஒருவரைப் பிடியுங்கள். அவரிடம் இருப்பது திரவ ரெசினை ஒளியால் இறுக்குகிற ரெசின் பிரிண்டரா, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குகிற பிரிண்டரா என்று கேளுங்கள். சுவர், பாலம், வீடு போன்றவை இரண்டிலும் நன்றாக வரும். கட்டைவிரல் உயர வீரனின் முகமும் விரலும் தெளிவாக வேண்டுமென்றால் ரெசின்தான். பிறகு இலவசக் கோப்பு ஒன்றைக் கொடுத்து ஒரே ஒரு பொம்மை செய்து வாங்குங்கள். ஒரு பொம்மைக்கு என்ன செலவு என்று அப்போது தெரிந்துவிடும். கோப்பின் விலை அதில் சிறு பகுதியாகத்தான் இருக்கும்.

கோப்பு வாங்கும்போது பார்க்க வேண்டியது, பிரிண்ட் ஆகும்போது பொம்மையைத் தாங்கும் குச்சிகளோடு வருகிறதா என்பது. ‘பிரீ-சப்போர்ட்டட்’ என்று போட்டிருக்கும். அது இல்லையென்றால் அந்த வேலைக்கும் பிரிண்ட் செய்பவர் காசு கேட்கலாம். பொம்மையின் அளவு 28 மில்லிமீட்டரா 32 மில்லிமீட்டரா என்பதையும் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்தால் அண்ணன் தம்பி போல நிற்கும். உரிமத்தில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருந்தால் செய்து விற்கக் கூடாது. கூலிக்குச் செய்து வாங்க அனுமதி உண்டா என்பதையும் அங்கேயே படித்துவிடுங்கள்.

வீட்டிலேயே ரெசின் பிரிண்டர் வாங்கலாம் என்று அவன் அடுத்துக் கேட்பான். இறுகாத ரெசின் தோலில் படக்கூடாது, வாடையும் கடுமை. கையுறையும் காற்றோட்டமான தனி இடமும் இல்லாத வீட்டுக்கு அது வேண்டாம்.

கேள்வி: டெலிகிராமில் ‘ஆயிரக்கணக்கான ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) பிடிஎஃப், 199 ரூபாய்’ என்று வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். திருட்டுப் பிரதி அது. இந்தத் துறையில் எழுதுகிறவர்களில் பலர் தனியாளாக இரவில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள், ஒவ்வொரு பிரதியும் அவர்களுக்குக் கணக்கு. காசு இல்லையென்றால் மேலே சொன்ன இலவச எஸ்ஆர்டி இருக்கிறது. ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்ற முறையில் விற்பவற்றை முதலில் பூஜ்யம் போட்டு இறக்கிப் பார்த்து, பயன்பட்ட பிறகு பணம் கொடுக்கலாம். அப்படி அனுமதிக்கிற படைப்பாளிகள் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் 10 டாலருக்கு வரைபடத் தொகுப்பு வாங்கினேன். பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை. இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
— வாசகர், நங்கநல்லூர்

பதில்: முதலில் வேறொரு கருவியில் மறுபடி இறக்கிப் பாருங்கள், பெரிய ஜிப் கோப்புகள் மொபைல் டேட்டாவில் பாதியில் நின்றுவிடுவது உண்டு. அப்படியும் திறக்கவில்லை என்றால் பிழைச் செய்தி, பொருள் விவரப் பக்கம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படைப்பாளிக்கு எழுதியதைப் போலக் கடையின் உதவிப் பிரிவுக்கும் தனியாக எழுதுங்கள். இருவரும் வேறு வேறு ஆட்கள். பலர் ஒருவருக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் பரிவர்த்தனையை மறுத்து ‘சார்ஜ்பேக்’ (கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுதல்) கேளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கிற வெளிநாட்டு நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். ஆனால் இங்கே அலுவலகம் இல்லாத சிறு கடையிடமிருந்து 10 டாலரை மீட்க, நடைமுறையில் வங்கி வழிதான் வேகமானது.

உங்கள் ஸ்டேட்மெண்டையும் ஒருமுறை பாருங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 டாலர் 900 ரூபாய். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதம் என்றால், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறக்குறைய 937 ஆகிவிடும். திரும்பக் கேட்கும்போது ஸ்டேட்மெண்டில் உள்ள ரூபாய்த் தொகையையே குறிப்பிடுங்கள்.