‘பால் பத்தலை’ என்று முடிவு கட்டும் முன்

பாலூட்டுவது பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

சிசேரியன் ஆகிப் பன்னிரண்டு நாள். பையன் பிறந்தபோது 2.9 கிலோ, ஐந்தாம் நாள் 2.7, இன்று 2.85. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிவரை அழுவதும் குடிப்பதுமாக இருக்கிறான். காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. “உனக்குப் பால் பத்தலை, டின் வாங்கிடலாம்” என்கிறார் அத்தை. அம்மா பூண்டும் பால்சுறாவும் ஆக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, அஸ்தம்பட்டி

இருவரையும் விட எடைமெஷின் சொல்வதைக் கேளுங்கள். பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் எடை இறங்கும். 7 சதவீதத்தைத் தாண்டினால் பாலூட்டும் முறையைக் கவனிக்க வேண்டும். 10ஐத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். உங்கள் பையனுக்கு இறங்கியது 200 கிராம், 7 சதவீதத்துக்குள். அடுத்த ஏழு நாளில் 150 கிராம் ஏறியிருக்கிறது, அதாவது நாளுக்கு 21 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் ஏறினால் சரி. கீழ் வரம்பில் இருந்தாலும் வரம்புக்குள் இருக்கிறான். பிறந்த எடையை இரண்டு வாரத்தில் எட்ட வேண்டும், எட்டிவிடுவான். பால் இருக்கிறது.

வெடித்த காம்புதான் எங்களுக்குக் கவலை. குழந்தை காம்பை மட்டும் கவ்வி இழுக்கிறது என்று அர்த்தம். அப்படிக் குடித்தால் உங்களுக்கு வலி, அவனுக்குப் பாதி வயிறு. தையல் இருப்பதால் மடியில் கிடத்தாமல் கைக்கடியில் பிடித்துப் பாருங்கள். பக்கத்தில் தலையணை வைத்து, குழந்தையின் உடல் உங்கள் அக்குளுக்குக் கீழே, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி படுக்க வையுங்கள். தலையின் பின்புறத்தை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பின்னுக்குத் தள்ளும். தோளையும் கழுத்தையும் சேர்த்துத் தாங்குங்கள். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாய் திறக்கும், ஆனால் சின்னதாகத் திறக்கும்போது கொடுத்துவிடக் கூடாது. கொட்டாவி விடுவதுபோல் அகலமாகத் திறக்கும் நொடிக்குக் காத்திருந்து, தாடை முதலில் மார்பில் படும்படி குழந்தையை உங்கள் பக்கம் இழுங்கள். நீங்கள் குனிந்து போகாதீர்கள். சரியாகப் பிடித்தால் கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரியும், விழுங்கும் சத்தம் கேட்கும். முதல் அரை நிமிடத்துக்கு மேல் வலித்தால் பிடிப்பு தப்பு. வெடுக்கென இழுக்காமல், சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்துக் காற்றை விட்டு எடுத்து, மறுபடி வையுங்கள். புண்ணுக்குக் களிம்பு தேடி அலைய வேண்டாம். கடைசியில் வரும் பாலில் இரண்டு சொட்டைத் தடவிக் காயவிட்டாலே போதும், பிடிப்பு சரியானால் சில நாளில் ஆறும்.

சாயங்கால அழுகை பால் இல்லாததால் வருவதல்ல. இந்த வயதுக் குழந்தைகள் அந்த நேரத்தில் விட்டு விட்டு, நெருக்கமாகக் குடிக்கும். அங்கேதான் டின் நுழைகிறது. 60 மில்லி கொடுத்தால் மூன்று மணி நேரம் தூங்குவான், வீடே நிம்மதியாகும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் மார்பு காலியாகாது. காலியாகாத மார்பு அடுத்த முறை குறைவாகச் சுரக்கும். நாலு நாள் இப்படிப் போனால் ‘பத்தலை’ என்ற பேச்சு உண்மையாகிவிடும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை கொடுங்கள். இரவில் ஒன்றிரண்டு முறையாவது விடக் கூடாது, சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் ஏறி நிற்கும். பூண்டும் சுறாவும் அம்மா ஆசையாகக் கொடுப்பவை, சாப்பிடுங்கள். ஆனால் சுரப்பைத் தீர்மானிப்பது பால் வெளியேறுவதுதான், மீன்சட்டி அல்ல. உங்களுக்கு வேண்டியது நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதல், அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. பத்தியம் என்று காய், பருப்பை நிறுத்துவது தலைகீழ் வேலை.

நாளுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால், எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மஞ்சள் காலுக்கு இறங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடுதல் பால் உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. அப்போதும் முதலில் உங்கள் பாலையே கறந்து பாலாடையில் கொடுங்கள். சங்கு இருந்தால் அதுவும் சரிதான், கொதிக்க வைத்தால். பால்புட்டி வேண்டாம்.

மூன்றாம் நாள் மார்பு கல்லாகிவிட்டது, குழந்தையால் பிடிக்க முடியவில்லை. சூடான எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள்.
— வாசகி, ஓமலூர்

தேய்க்காதீர்கள். பால் கட்டியதோடு திசுவும் வீங்கியிருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். கருவட்டத்தைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து, நெஞ்சு பக்கமாக ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் மட்டும் இளகும், குழந்தை கவ்வும். ஊட்டிய பின் குளிர்ந்த துணி ஒத்தடம். ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சல் 24 மணி நேரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள், ஆனால் அந்தப் பக்கமும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. ‘கட்டிய பால் விஷம்’ என்பது பேச்சுதான்.

காப்பி எஸ்டேட்டில் வேலை. பழம் பறிப்பு தொடங்கிவிட்டது, பாப்பாவுக்கு நான்கு மாதம், திரும்பக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மாமியார் பார்த்துக்கொள்வார். பால் எப்படி வைப்பது?
— வாசகி, ஏற்காடு

முதலில் விடுப்புக் கணக்கு. தோட்டத் தொழிலாளருக்கும் மகப்பேறு விடுப்புச் சட்டம் உண்டு, தினக்கூலியாக இருந்தாலும். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரைதான் எடுக்கலாம். அந்த எட்டையும் நீங்கள் எடுத்திருந்தால் மீதி 18 வாரம், ஏறக்குறைய நான்கு மாதம், கூப்பிடுவது சரி. எடுக்கவில்லை என்றால் இன்னும் நாள் பாக்கி இருக்கிறது, கேளுங்கள். வேலைக்குத் திரும்பிய பின், பாப்பாவுக்கு 15 மாதம் ஆகும்வரை ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

போகும் முன் ஊட்டுங்கள், வந்ததும் ஊட்டுங்கள். இடைப்பட்ட எட்டு மணி நேரத்துக்கு 240 முதல் 300 மில்லி போதும். வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே கறந்து பழகுங்கள். கையைக் கழுவி, கட்டை விரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போனால் புண்ணாகும். ஒரு பக்கம் ஓட்டம் குறைந்ததும் மறுபக்கம், மீண்டும் முதல் பக்கம்; மொத்தம் 20 முதல் 30 நிமிடம். முதல் நாள் நாலு சொட்டுதான் வரும். அதை வைத்துச் சுரப்பை அளக்காதீர்கள், குழந்தை இழுப்பதுபோல் கை இழுக்காது.

மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, அதில் பிடியுங்கள். 25 டிகிரிக்குள் 4 மணி நேரம் கெடாது. பறிப்புக் காலத்துக் குளிரில் ஏற்காட்டில் அது எளிது. சேலத்துச் சித்திரை வெயிலில் அந்த 4 மணியை நம்பாதீர்கள். ஐஸ்கட்டிப் பை வைத்த பெட்டியில் 24 மணி, பிரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள் வரை வைக்கலாம். கொடுக்கும்போது டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள், அடுப்பில் வைக்க வேண்டாம். மேலே ஆடை படிந்திருந்தால் கெட்டுவிட்டதென்று மாமியார் கொட்டிவிடப் போகிறார், அது கொழுப்பு, ஆட்டினால் கலந்துவிடும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

தாய்ப்பால் குடித்தால் அறிவு கூடும் என்கிறார்களே, உண்மையா? மூத்தவளுக்கு ஒரு மாதத்திலேயே பால் நின்றுவிட்டது. அவளுக்குக் குறை வைத்துவிட்டேனோ என்று இருக்கிறது.
— வாசகி, அம்மாப்பேட்டை

தாய்ப்பால் குடித்த குழந்தைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்காது. பல நாடுகளில் படித்த, வசதியான அம்மாக்களே அதிக நாள் பால் கொடுக்கிறார்கள். அறிவு பாலிலிருந்து வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா? குலுக்கல் போட்டு ‘நீ பால் கொடு, நீ கொடுக்காதே’ என்று சொல்வதும் நியாயமில்லை. பெலாரஸ் நாட்டில் 1996–97இல் மைக்கேல் கிராமர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வேறு வழி கண்டார்கள். 31 மகப்பேறு மருத்துவமனைகளில் குலுக்கல் போட்டு, ஒரு பிரிவு மருத்துவமனைகளின் ஊழியர்களுக்கு மட்டும் தாய்க்கு உதவும் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தைகள் 17,046. மூன்றாம் மாதத்தில் பயிற்சி பெற்ற பக்கம் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் 43.3 சதவீதம், மறுபக்கம் 6.4. தாய்மார்கள் ஒரே மாதிரியானவர்கள்தான், கிடைத்த உதவிதான் வேறு. உங்களுக்கு ஒரு மாதத்தில் நின்றதற்கு யார் பொறுப்பு என்பதை இந்த இரண்டு எண்களை வைத்து யோசித்துப் பாருங்கள்.

முதல் வருடத்தில் பயிற்சி பெற்ற பக்கத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குத் தொற்று தெளிவாகக் குறைந்தது. ஆறரை வயதில் சொல்லறிவுச் சோதனையில் (மொழி சார்ந்த ஐ.க்யூ.) சராசரி 7.5 புள்ளி அதிகம். ஆனால் சோதித்த மருத்துவர்களுக்கு எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்று தெரியும், அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 16 வயதில் மறுபடி பார்த்தபோது சொல்லறிவில் ஒன்றரைப் புள்ளிக்குள் மட்டுமே வித்தியாசம். பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1982இல் பிறந்தவர்களை 30 வயதில் சோதித்தபோது, ஒரு வருடத்துக்கு மேல் குடித்தவர்களுக்குச் சுமார் 4 புள்ளி கூடுதல். அங்கே ஏழை, பணக்காரர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு பால் கொடுத்தார்கள் என்பதால் அந்த முடிவுக்கு மதிப்பு உண்டு.

எங்கள் கருத்து: பலன் இருக்கிறது, சிறியது. ஒரு குழந்தையை வைத்து ‘இது பாலால், அது டின்னால்’ என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூத்தவளிடம் இன்றைக்கு எவ்வளவு பேசுகிறீர்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்பவை அந்த ஒரு மாதத்தைவிடப் பெரியவை.

ஆறு மாதம் முடிந்தது. ஜவ்வரிசிக் கஞ்சிதான் எங்கள் பக்கம் முதலில் கொடுப்பது. சத்து போதுமா?
— வாசகி, ஆத்தூர்

சேலத்தில் ஜவ்வரிசியைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதமும் இரும்பும் இல்லை என்றே சொல்லலாம். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதத்தில் தீரும் நேரம் இது. இந்த வயதில் இரும்பு குறைந்தால் மூளை வளர்ச்சியும் பின்தங்கும். குழைந்த சாதத்தோடு பருப்பு, கீரை, முட்டை, ஈரல் கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். தண்ணிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்தைத் தராது. இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் அரைக் கப், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரட்டும். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. ஜவ்வரிசி வேண்டுமென்றால் பருப்போடு சேர்த்து எப்போதாவது.

வெயிலுக்குக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? தெருவில் வரும் கழுதைப்பால் ஒரு சங்கு?
— வாசகிகள் பலர்

ஆறு மாதம்வரை இரண்டும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தாகம் எடுத்தால் குழந்தை அடிக்கடி கேட்கும், கொடுங்கள், நீங்கள் தண்ணீர் குடியுங்கள். கழுதைப்பால் குடித்தால் காமாலை வராது, குரல் வளம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தெருவில் கறந்து காய்ச்சாமல் ஊற்றும் பாலில் வயிற்றுப்போக்குக் கிருமி வருவது மட்டும் நடக்கக்கூடியது.