சாலொமோன் கேட்டது என்ன?

கேள்வி: எங்கள் திருச்சபையின் சேகரக் கமிட்டிச் செயலாளராக அடுத்த வாரம் பொறுப்பேற்கிறேன். பைபிளில் இஸ்ரவேல் ராஜா சாலொமோன் ஆண்டவரிடம் ஞானத்தைக் கேட்டதைச் சொல்லி ஏற்புரையைத் தொடங்க ஆசை. தலைவனுக்குப் பணிவு ஏன் வேண்டும் என்று உங்கள் பாணியில் நாலு வரி சொல்லுங்களேன். (வாசகர், நாசரேத்)

பதில்: பணிவு இருக்கட்டும். 'கேட்டதை' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

தமிழில் கடன் கேட்பதும் கேட்பதுதான், பாட்டுக் கேட்பதும் கேட்பதுதான். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தது காதுக்காக. இந்தப் பக்கத்துக்குக் 'கேள்வி-பதில்' என்று பேர் வைத்தது வாய்க்காக. பேரை மாற்றுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறேன், லேஅவுட்காரர் காதில் விழுந்தால்தானே!

கிபியோனில் ஆயிரம் பலி செலுத்திவிட்டுத் தூங்கிய சாலொமோனின் கனவில் கர்த்தர் வந்து, என்ன வேண்டும் கேள் என்றார். நீங்கள் கோயிலில் வாசிக்கிற பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் சாலொமோன் கேட்டது 'ஞானமுள்ள இருதயம்'. மூலமான எபிரேயத்தில் 'லேவ் ஷோமேயா', அதாவது கேட்கிற இருதயம். மனுஷன் கேட்டதே காதைத்தான்! இவ்வளவு வசதியான சொல் தமிழில் இருந்தும் கோட்டை விட்டார்கள். இதை முன்பு எழுதியபோது ஒரு புலவர் ஆறு பக்கத்துக்கு மறுப்பு அனுப்பினார். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

சரி, பணிவு. "போக்கு வரவு அறியாத சிறுபிள்ளை" என்று சாலொமோன் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அழகான வரி, ஏற்புரையில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் முந்தின அதிகாரத்தை யாராவது வாசித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் அதோனியா காலி, சேனாபதி யோவாப் காலி, ஆசாரியர் அபியத்தார் சொந்த ஊருக்கு. போக வேண்டியவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுத்தான் அந்தச் சிறுபிள்ளை நிம்மதியாகப் படுத்தது.

அப்புறம் ஆலயம் கட்ட 7 வருஷம், தன் அரண்மனை கட்ட 13 வருஷம். அத்தனைக்கும் கல்லும் மரமும் சுமந்தது ஜனங்கள். அவர் போனதும் மகன் ரெகொபெயாமிடம் வந்து, நுகத்தைக் கொஞ்சம் இலேசாக்குங்கள் என்றார்கள். அவனும் 3 நாள் தவணை வாங்கிக்கொண்டு பெரியவர்களையும் கேட்டான், கூட வளர்ந்த சேக்காளிகளையும் கேட்டான். பெரியவர்கள் நயமாகப் பேசச் சொன்னார்கள். சேக்காளிகள், உன் சுண்டுவிரல் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன் என்று சொல் என்றார்கள். எது காதுக்கு இனித்ததோ அதைக் கேட்டான். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்தில் பத்து கையைவிட்டுப் போயிற்று. கட்டாய வேலை வாங்கும் அதிகாரியை அனுப்பினான், கல்லெறிந்தே கொன்றார்கள். ராஜா ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓட்டம்.

ஏற்புரைக்கு மைக் வைக்காதீர்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவரான அன்று மைக்கைப் பிடித்து 'அடியேன்' என்று ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் பெட்டி என் பக்கமே திரும்பியிருந்தது. பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து கையை ஆட்டி ஏதோ சொன்னார். வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். மறுபடி சொன்னார், இன்னும் குனிந்து கும்பிட்டேன். மேல்தொட்டி வழிகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்றாராம். நான் மூன்றாவது 'அடியேனு'க்கு வந்தபோது தண்ணீர் மேடையடிக்கு வந்துவிட்டது.