வயதுக்கு வந்து எட்டு மாதம்: ஸ்கேனில் நீர்க்கட்டி என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. வயதுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு தடவை 25 நாளில் வந்தது, அடுத்தது 50 நாள் கழித்துத்தான் வந்தது. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை கொடுத்துச் சரிசெய்ய வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால், வேண்டாம்.

மாதவிலக்கு எப்போது வரவேண்டும் என்று சினைப்பைக்கு உத்தரவு போடுவது மூளையும் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும்தான். அந்த ஏற்பாடு சீராக இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை பல மாதங்களில் கருமுட்டை வெளிவருவதே இல்லை. முட்டை வெளிவராத மாதத்தில், கருப்பையின் உட்சுவரை நிலையாக வைத்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் அந்த உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது நிற்க முடியாமல் உதிரும். தள்ளிப்போய் வரும்போது ரத்தம் அதிகமாகப் படுவது இதனால்தான்.

ஸ்கேனில் தெரிந்தவை பெரும்பாலும் முட்டை வளரும் சிறு பைகள். இந்த வயதில் அவை நிறையவே இருக்கும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு) என்று முடிவுகட்டக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். என்னைக் கேட்டால் இந்த ஸ்கேனே தேவையில்லை. அந்த ரிப்போர்ட்டைச் சொந்தக்காரர்களிடம் காட்டாதீர்கள். பிள்ளையின் காதுபடவே கல்யாணம், குழந்தை என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நாள் கணக்கைவிட எவ்வளவு படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைகிறதா, ராத்திரி எழுந்து மாற்றுகிறாளா, ஏழு நாளைத் தாண்டுகிறதா? கூடவே அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் என்று இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தம் சரியாக உறையாத வான் வில்லிபிராண்ட் என்ற பிறவிக் குறை சில பெண்களுக்கு வயதுக்கு வந்த பிறகுதான் தெரியவரும்.

ஹீமோகுளோபின் ஒருமுறை பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு விழுங்கட்டும். கையோடு டீ குடிக்க வேண்டாம், சத்து உடம்பில் சேராது. அந்த மாத்திரையால் மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள். உளுந்தங்களி தாராளமாகக் கொடுங்கள். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், அதில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அவித்தே கொடுங்கள்.

எப்போது டாக்டர்? இடைவெளி 90 நாளைத் தாண்டினால், அல்லது முதல் வருடம் முடிந்தும் 21 நாளுக்குள்ளோ 45 நாளைத் தாண்டியோ வந்துகொண்டிருந்தால். முகத்தில் அடர்த்தியாக முடி வளர்ந்தாலும் காட்டுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ரத்தம் போனாலோ தலைசுற்றி விழுந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். தேதியை அவளே காலண்டரில் குறிக்கட்டும். டாக்டரிடமும் அவளே பேசட்டும். ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே உட்கார்ந்தால், உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டதையும் கேட்டுவிடுவாள்.