மீன்தொட்டிச் செடிகளுக்கு வீட்டிலேயே கார்பன் டை ஆக்சைடு அமைப்பு செய்வது எப்படி?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை ஒரு குழாய் வழியாகத் தொட்டி நீரில் கரைப்பதுதான் இந்த அமைப்பு.

இது எதற்கு? செடி தன் உடம்பைக் கட்டுவதே கார்பனைக் கொண்டுதான். நீருக்குள் இந்த வாயு காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் செடி தவித்து நிற்பது அதனால்தான்.

2 லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் 2 கப் சர்க்கரை, கால் தேக்கரண்டி ஈஸ்ட், முக்கால் பாகம் வெதுவெதுப்பான நீர். மூடியில் துளையிட்டு ஏர் டியூபைச் செருகி, காற்றுக் கசியாமல் ஒட்டுங்கள். இந்த பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் பாதி நீருள்ள ஒரு சின்ன பாட்டில் அவசியம். பொங்கும் நுரை அதிலேயே தங்கிவிடும். அப்புறம், தொட்டி நீர் குழாய் வழியே திரும்பி வராமல் தடுக்க ஒருவழி வால்வு. கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், குழாய் அடைத்தால் வெடிக்கும். கலவை இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

திறந்து வைத்த சோடாவில் வாயு போய்ச் சப்பென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியிலும் அதே கதைதான். நீரின் மேற்பரப்பு அதிகம் கலங்கினால் கரைந்த வாயு பறந்துவிடும். ஆனால் இரவில் ஈஸ்ட் ஓயாது, செடிகளும் வாயுவை எடுக்காது. அப்போது மட்டும் ஏர் பம்பை ஓடவிடுங்கள். மீன்களுக்காகக் கேட்கிறேன், இதை விட்டுவிடாதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு ஏறினால் ஆக்சிஜன் வெளியேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் நீரில் தனித்தனியாகக் கரைபவை, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் மீன் மூச்சுத் திணறும்.